மலையில் அவன் நலம்

மலை முகாம்,
செவ்வாய் காலை

என் அருமை மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். நானும் மாமாவும் பத்திரமாக மேலே வந்து சேர்ந்தோம். வண்டிக்கும் ஒரு குறையும் இல்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? வார்டில் நோயாளியின் காலுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டே ரொட்டியைக் கடித்துவிட்டு, "சாப்பிட்டாச்சு அத்தை" என்று என்னிடம் கதை விடாதே. குரலை வைத்தே உன் வயிறு காலியா நிறைந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதை வைத்துப் பிழைத்தவள் நான்.

அப்படிப்பட்டவள் போன் செய்யாமல் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று கேட்பாய். இங்கே சிக்னல் கிடையாது. கீழே டவுனுக்குப் போய், பேக்கரிக்கு எதிரே இருக்கும் கல்லின் மேல் ஏறி நின்றால் கொஞ்சம் கிடைக்கிறது. அங்கே நின்று பேசினால், பன் வாங்க வருகிறவர்கள் எல்லாம் நம் வீட்டுக் கதையையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போவார்கள். இன்னொன்றும் உண்டு. ஊரையெல்லாம் பேச வைத்தவளுக்கு, உன்னிடம் சில விஷயங்களைப் பேச வாய் வருவதில்லை. எழுதினால் வரும்போல் இருக்கிறது.

முதலில் வண்டியைப் பற்றி. நீயும் என் பிள்ளையும் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் தாரை வார்த்து வீடாக்கிய பழைய ஸ்கூல் வேன், இவ்வளவு தூரம் முனகாமல் வந்தது. முனகியது பின்னால் வந்தவர்கள்தான். மாமாவின் வேகம் உனக்குத் தெரியும். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றையும் அச்சுக்குப் போகும் பக்கம் மாதிரி இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத்தான் திரும்புவார். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்து அடித்துக் கை ஓய்ந்து, இறங்கி வந்து எங்களிடமே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். பெட்ரோல் பங்கில் ஒருவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கேரவனா? உள்ள எந்த நடிகர் இருக்காரு?" என்று கேட்டார். மாமா முகத்தை அசைக்காமல், "ரிடையர்டு ப்ரூஃப் ரீடர் ஒருத்தர் இருக்காரு" என்றார். அந்த மனிதர் மரியாதையாகத் தலையாட்டினார். யாரோ புது நடிகர் என்று நினைத்திருப்பார்.

மேலே உள்ள அலமாரியெல்லாம் உன் கைக்கு எட்டுகிற உயரத்தில் அடித்திருக்கிறானே, அதில் மாமா தினமும் நெற்றியை இடித்துக்கொள்கிறார். அவருக்கு இருக்கிற கோபத்துக்குப் பலகையைத் திட்ட வேண்டும். திட்டுவதில்லை. நெற்றியைத் தடவிக்கொண்டு, பலகையையும் ஒரு தடவு தடவிவிட்டுப் போகிறார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன்.

இடம் நீ சொன்னபடியேதான் இருக்கிறது. சரிவைப் படிப்படியாக வெட்டி, படிக்கு நாலைந்து வண்டி நிற்கிற மாதிரி செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு குழாய், கரண்ட் எடுக்க ஒரு கம்பம். கீழே ஓடைச் சத்தம். அதற்கும் கீழே டவுன். டவுன் என்று மரியாதைக்குச் சொல்லலாம். ஒரே தெரு. பேக்கரி, தபாலாபீஸ், ஆணியிலிருந்து அரிசி வரை விற்கும் ஒரு கடை, மூடிப்போன சினிமாக் கொட்டகை. பனி இறங்கிவிட்டால் அதுவும் இல்லை. கல்யாணமான புதிதில் நீங்கள் கூடாரம் போட்டீர்களே, பெரிய பாறையை ஒட்டிய இடம், அதையேதான் மாமா கேட்டு வாங்கினார். வேறு இடம் வெயிலாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தார்கள். கேட்கவில்லை.

அங்கேதான் ஒரு சங்கடம் வந்தது. முகாமைப் பார்த்துக்கொள்கிறாளே, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும், இடுப்பில் சாவிக்கொத்துமாக, நீ 'மேனேஜரம்மா' என்று சொல்வாயே, அவளேதான் இன்னமும் இருக்கிறாள். மாமா குனிந்து சக்கரத்துக்குக் கட்டை வைத்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர்க் குழாயை மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் மாமாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு, "அய்யா, நீங்க முட்டையக் கருக்கின தம்பியோட அப்பாதானே? அதே மூக்கு!" என்று கத்தினாள்.

எல்லாம் நினைவு வைத்திருக்கிறாள். மழையில் உங்கள் கூடாரம் சரிந்தது, அவளுடைய சாமான் அறையில் நீங்கள் படுத்துக்கொண்டது, காலையில் அவன் அவளுடைய அடுப்பில் முட்டையைக் கருக்கியது, அவளுடைய தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டு, நீ திட்டத் திட்டப் பழுது பார்த்தது. "எங்கப்பாவ ஒரு நாள் இங்க இழுத்துட்டு வரேன் பாருங்கன்னு சொல்லிட்டே இருப்பான். அனுப்பி வெச்சிட்டானா? எப்படி இருக்கான் தம்பி?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கான்" என்று சொல்லிவிட்டேன்.

எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை, கண்ணு. அவன் போய் இரண்டாவது மழைக்காலம் வரப்போகிறது. இதுவரை எத்தனை பேரிடம் எடுத்துச் சொல்லியிருப்பேன்! பால்காரர், பேங்க்காரர், பல் டாக்டர். சொன்னவுடன் ஒவ்வொரு முகமும் அப்படியே விழும். அந்த முகத்தைத் தூக்கி நிறுத்துவதும் என் வேலைதான். ஒருத்தி முகமாவது விழாமல் இருக்கட்டும் என்று தோன்றியதோ என்னவோ.

மாமா காதில் விழுந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். போச்சு, என் பொய்யை இங்கேயே திருத்தப் போகிறார் என்று நினைத்தேன். காற்புள்ளி தவறினால்கூடப் பொறுக்காத மனிதர். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "ரொம்ப நல்லா இருக்கான்மா. வேலை ஜாஸ்தி. லீவு கிடைக்கல." அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதிலிருந்து, அவனைப் பற்றி மாமா வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இதுதான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் உன் அம்மா போன் செய்திருந்தார்கள். உனக்குப் பார்த்திருக்கும் கால்நடை டாக்டரைப் பற்றிச் சொன்னார்கள். நல்ல இடம் என்றார்கள். நீதான் பிடி கொடுக்கவில்லை என்றார்கள். சம்பந்தியம்மாவிடம் "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். மாமாவிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. இதைப் பற்றி நிதானமாக எழுதுகிறேன்.

ஸ்வெட்டர் போட்டுக்கொள். பதில் போடுவதானால் முகாம் விலாசத்துக்கே போடு. மாமாவுக்கு இப்போதைக்குக் கிளம்புகிற உத்தேசம் இருப்பதாகத் தெரியவில்லை.

எப்போதும் உன் நினைவாக இருக்கும்,
அத்தை


மலை முகாம்,
வெள்ளி

அன்பு மருமகளே,

உன் கடிதம் வந்தது. மேனேஜரம்மாதான் தபாலாபீஸிலிருந்து வாங்கி வந்து, "மருமகப் பொண்ணு எழுதியிருக்கு போல!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிக் கொடுத்தாள். நான் பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து படித்தேன். மாமாவுக்கு, நீ சௌக்கியம் என்ற பகுதியை மட்டும் படித்துக் காட்டினேன்.

ஒரு வாரம் என்று சொல்லி வந்தோம். வாரங்கள் கூடிப்போய்விட்டன. பக்கத்து இடத்தில் வண்டிகள் வருகின்றன, துணி காய்கிறது, பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள், போய்விடுகிறார்கள். நாங்கள் மட்டும் நட்ட கல் மாதிரி இருக்கிறோம். தொட்டியில் தண்ணீர் நிரப்புவது, கழிவுத் தொட்டியைக் காலி செய்வது, கேஸ் இருக்கிறதா என்று சிலிண்டரைத் தட்டிப் பார்ப்பது, இதெல்லாம் மாமாவுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. டவுனுக்குப் போனால் ஒவ்வொரு போர்டிலும் பிழை கண்டுபிடிக்கிறார். பேக்கரிக்காரர் மாமாவைப் பார்த்தாலே சாக்பீஸை எடுத்து நீட்டிவிடுகிறார்.

ஆனால் நான் எழுத வந்தது அது இல்லை.

சாயங்காலமானால் மேனேஜரம்மாவின் அறை வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். அவள் பீன்ஸ் நறுக்குவாள், அல்லது சாவிக்கு எண்ணெய் போடுவாள். மாமா பேசுவார். நம் மாமா, கண்ணு! பெண் பார்க்க வந்த அன்று "சரி" என்ற ஒரு வார்த்தையோடு எழுந்துபோன மனிதர். அவனைப் பற்றிப் பேசுகிறார். பெரிய கட்டடம் ஒன்று கட்டுகிறார்களாம், அதற்கு எல்லா லிஃப்ட்டும் அவன்தான் பொருத்துகிறானாம். மேலே ஏறி நின்று கீழே பார்த்தால் தலை சுற்றுகிறது என்று அப்பாவிடம் மட்டும் சொன்னானாம். மீசை வைத்தானாம், நீ சிரித்த சிரிப்பில் மறுநாளே எடுத்துவிட்டானாம்.

முதல் நாள் எழுந்து போய்த் தடுக்க வேண்டும் என்று நினைத்தேன். போகவில்லை. வெங்காயம் உரிக்கிற சாக்கில் வண்டிப் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். மறுநாளும் கேட்டேன். அப்புறம் என்ன ஆயிற்று தெரியுமா? மேனேஜரம்மா, "உடம்பு எப்படி இருக்கு, அதே ஒல்லிதானா?" என்று கேட்டபோது, மாமா கொஞ்சம் தயங்கினார். நான் இங்கிருந்தபடியே, "இப்போ கொஞ்சம் சதை போட்டிருக்கான்" என்றேன். மாமா திரும்பி என்னைப் பார்த்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும்.

இதில் உன்னையும் இழுத்துவிட்டார். அதைச் சொல்லாமல் மறைப்பது நியாயமில்லை. "பொண்ணு ஏன் வரல?" என்று அவள் விடாமல் கேட்டாள். "மருமக உண்டாயிருக்கா. இந்த மலையெல்லாம் ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க" என்று சொல்லிவிட்டார். அவள் கையைத் தட்டிக் குதித்தாள். என் கையில் இருந்த கத்தி அப்படியே நின்றுவிட்டது.

வண்டிக்குள் வந்ததும் கேட்டேன். "இப்படி ஒரு பொய்யா? அந்தப் பொண்ணு அங்க ஒத்தையா கெடந்து அல்லாடறா. அவ பேர்ல இப்படிச் சொல்லலாமா?" என்றேன். அவர் ரொம்ப நேரம் படுக்கை விரிப்பைச் சரி செய்துகொண்டே இருந்தார். பிறகு, "எல்லா ஊர்லயும்தான் அவன் இல்ல. இந்த ஒரு எடத்துல இருந்துட்டுப் போறான், விடேன்" என்றார். நான் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

உன் கடிதத்தில் எழுதியிருந்தாய்: 'அம்மாவிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். எனக்கு நீங்களும் மாமாவும் போதும். கவலைப்பட வேண்டாம் அத்தை.' அதை மூன்று நாலு முறை படித்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? நீ எங்கள் மருமகளாகவே இருந்துவிடுவாய் என்று நிம்மதியாக இருந்தது. கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். அன்று சாப்பாடுகூடக் கூடுதலாக இறங்கியது.

அந்த நிம்மதியை நினைத்தால் இன்று காலையிலிருந்து என்னவோ செய்கிறது. இதற்கு மேல் இப்போது எழுதத் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், என் தங்கமே.
அத்தை


பேக்கரி,
திங்கள் மதியம்

என் மருமகளுக்கு, என் மகளுக்கு,

இந்தக் கடிதத்தைக் கீழே டவுனில், பேக்கரி மேஜையில் வைத்து எழுதுகிறேன். வண்டி வெளியே நிற்கிறது. முகாமை விட்டு இறங்கிவிட்டோம். என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன். அவசரப்படாமல் படி.

சனிக்கிழமை காலையிலிருந்தே மழை. சாதாரண மழை இல்லை. மலையே கரைந்து ஓடிவிடும் போல் இருந்தது. கரண்ட் போய்விட்டது. கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் ஓரமாகத் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. மாமா பாத்திரத்தை வைத்துவிட்டு, அதற்கு முன்னாலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். துணி வைத்து அடைக்கலாமே என்றேன். நிரம்பிய பாத்திரத்தை வெளியே ஊற்றிவிட்டு மறுபடி வைத்தார்.

மத்தியானம் மேனேஜரம்மா கோட்டைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள். நாங்கள் நனைகிறோமா என்று பார்க்க வந்தவள், "இந்த மழைக்கு வேற வேலை ஏது, அதான் உட்கார்ந்து முடிச்சிட்டேன்" என்று கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மாமா கையில் கொடுத்தாள். பிரித்தால், ஒரு கம்பளிக் குல்லா. மஞ்சள் நிறம். காதை மூட இரண்டு பக்கமும் மடிப்பு. நம் வீட்டில் பிறக்கப்போகிற குழந்தைக்காம்.

மாமா அதைத் தன் கைமுட்டியின் மேல் மாட்டிப் பார்த்தார். அதுகூட முழுதாக நுழையவில்லை. "இவ்ளோ சின்னதா இருக்கே" என்றார்.

"பொறந்த புள்ள தலை எவ்ளோ பெருசா இருக்கும்னு நெனச்சீங்க? உங்க தலையாட்டமா?" என்று அவள் சிரித்தாள்.

மாமாவும் சிரிக்கத்தான் பார்த்தார். வாய் கோணிக்கொண்டது. குல்லாவை முட்டியிலிருந்து எடுக்காமலே கட்டிலில் உட்கார்ந்தார். "அம்மா, கொழந்தை இல்ல" என்றார்.

அவள் பதறிவிட்டாள். "அய்யோ, என்னாச்சு? கலைஞ்சிடுச்சா? எப்போ?" என்று என்னைப் பார்த்தாள்.

"இல்லம்மா. பையனே இல்ல" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. மறுபடி என்னைப் பார்த்தாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். எத்தனையோ பேரிடம் சொன்ன வாய் எனக்கு, அன்று ஒரு வார்த்தை வரவில்லை.

"அப்போ இவ்ளோ நாளா நான் கேட்டதெல்லாம் யாரு கதை?" என்று கத்தினாள். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். "தினமும் அடுப்பு பத்த வைக்கும்போது அந்தத் தம்பிய நெனச்சுச் சிரிச்சுக்கிட்டிருக்கேன். எங்கிட்ட ஏன்யா இப்படிப் பண்ணீங்க?" என்றாள். கதவைத் திறந்து மழையில் இறங்கிவிட்டாள். அந்தப் பாறைக்குப் பக்கத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கோட்டுகூட இல்லாமல் நின்றாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. திரும்பி வந்து படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வாய்விட்டு அழுதாள்.

எங்களுக்கு அது ஆறாவிட்டாலும் பழகிப்போன துக்கம். அவளுக்கு அன்றைக்குத்தான் அவன் செத்தான்.

மாமாதான் எழுந்தார். ஆறுதல் சொல்ல யார் வந்தாலும் எழுந்து அறைக்குள் போய்விடுவாரே, அவர் துண்டை எடுத்து அவள் தோளில் போட்டார். அடுப்பைப் பற்ற வைத்து டீ போட்டார். சர்க்கரை எங்கே இருக்கிறது என்றுகூட என்னைக் கேட்கவில்லை. டம்ளரை அவள் கையில் வைத்துவிட்டு, அதே படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்ல ஆரம்பித்தார். எல்லாவற்றையும் சொன்னார். காய்ச்சல் என்று ஆரம்பித்தது, ரத்தத்தில் கோளாறு என்று சொன்னது, முடி கொட்டியபோது "அப்பா, இப்போ நாம ரெண்டு பேரும் ஒரே மாதிரி" என்று அவன் மொட்டைத் தலையைத் தடவிக் காட்டியது. நீ அவன் காலை நீவிவிட்டுக்கொண்டே கட்டில் ஓரத்தில் தூங்கிப்போவது. எதையும் விடவில்லை. இந்தத் தடவை ஒன்றைக்கூட அவர் சேர்த்துச் சொல்லவில்லை.

எனக்கும் தெரியாத ஒன்றைச் சொன்னார். கடைசி நாள் சாயங்காலம் நாம் இருவரும் கீழே கேன்டீனுக்குப் போனோமே, அப்போது அவன் மாமாவைக் கூப்பிட்டிருக்கிறான். மாமா காதைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார். "வண்டியில கட்டில் பக்கத்து ஜன்னல் ஒழுகும்ப்பா. பசை வெச்சு அடைச்சிடுங்க" என்றிருக்கிறான். அவ்வளவுதான். பிறகு பேசவில்லை.

அதைக் கேட்டதும் எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். பெரிதாக ஏதோ சொல்லியிருப்பான், உன்னைப் பற்றி, எங்களைப் பற்றி, என்று இத்தனை நாள் எனக்கு ஒரு ஆசை இருந்தது. ஜன்னலைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். "அடைச்சிட்டா அவன் சொன்னது முடிஞ்சு போயிடும்னு இருந்துச்சு" என்றார்.

மேனேஜரம்மா டீயைக் குடித்து முடித்தாள். குல்லாவைப் பொட்டலமாகக் கட்டித் தன் பையில் போட்டுக்கொண்டு போனாள். நாங்களும் கேட்கவில்லை.

ஞாயிறு வெயில் அடித்தது. அவள் ஏணியும் ஜன்னலுக்குப் பூசுகிற ரப்பர் பசையும் கொண்டு வந்தாள். இருவரும் சேர்ந்து ஜன்னல் விளிம்பைச் சுரண்டி, துடைத்து, பசை வைத்தார்கள். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள், மாமா மேலே நின்றார். வேலை முடிந்ததும், விரலில் ஒட்டிய பசையைப் பாறையில் தேய்த்துவிட்டு, "நாளைக்குக் கிளம்பறோம்மா" என்றார் மாமா.

அன்று சாப்பிடும்போது நான் மாமாவிடம் சொன்னேன். உன் அம்மா போன் செய்ததைச் சொன்னேன். அந்தக் கால்நடை டாக்டரைப் பற்றிச் சொன்னேன். நீ முடியாது என்று எழுதியதையும், அதற்கு நான் சந்தோஷப்பட்டதையும் சொன்னேன். மாமா தட்டில் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். கையைக் கழுவிவிட்டு வெளியே போய், தண்ணீர்க் குழாயைக் கழற்றிச் சுருட்டினார். கரண்ட் வயரைச் சுருட்டினார். சக்கரத்துக் கட்டையை எடுத்து உள்ளே போட்டார். எல்லாம் முடித்துவிட்டு, வாசலில் நின்றபடி, "ஆள் எப்படி?" என்று கேட்டார்.

"நல்ல மாதிரின்னு சொன்னாங்க" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. நாம ஒரு தடவை விசாரிக்கணும். அந்த ஆஸ்பத்திரிக்கே போய், மாட்டுக்கு வைத்தியம் பார்க்கும்போது எப்படி நடந்துக்கறான்னு பார்த்தாத் தெரிஞ்சிடும். பொண்ணைக் குடுக்கறவங்க நாம" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டு, சட்டென்று திரும்பிக்கொண்டார். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். குழாயைக் கழற்றிவிட்டார் என்பதே மறந்துபோய், வெறும் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை கிளம்பும்போது மேனேஜரம்மா கேட்டைத் திறந்துவிட்டாள். வண்டி ஜன்னல் அருகில் வந்து மாமாவிடம், "திரும்பி வாங்க. அவனப் பத்திப் பேசுவோம். நடந்தத மட்டும் பேசுங்க, அதுவே நெறைய இருக்கு" என்றாள். மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடிக்கும் வரை விடவில்லை.

இனி நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான், கண்ணு. அதைச் சொல்லத்தான் மூன்று கடிதமாகச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

உனக்கு அனுமதி தரும் மாதிரி அவன் எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்! அதனால் நானே சொல்கிறேன். நீ அந்தக் கல்யாணத்தைச் செய்துகொள். இவர் சரிப்படவில்லை என்றால் வேறு ஒருவர். ஆனால் 'நீங்கள் போதும்' என்று இனிமேல் எனக்கு எழுதாதே. நாங்கள் போதாது. இரண்டு கிழடுகள் எப்படிப் போதும்? நாங்கள் இந்த மலையில் அவனை உயிரோடு வைத்திருக்கப் பார்த்தோம். அதற்காக உன்னை அங்கே தனி அறையில் உட்கார வைத்து, இல்லாத குழந்தையை உன் மடியில் கட்டினோம். வண்டிப் படியில் கத்தியோடு உட்கார்ந்திருந்தபோதே எனக்கு அது உறைத்திருக்க வேண்டும். அந்தக் குல்லாவைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

நீ போய்விட்டால் எனக்குக் கஷ்டமாக இருக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். பொய்க்கெல்லாம் இந்த மலையில் முழுக்குப் போட்டுவிட்டேன். கஷ்டமாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை போன் மணி அடிக்காவிட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் போ. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போகாதே. கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிட வேண்டுமா என்று யோசித்துத் தவிக்காதே. நாங்கள் வர மாட்டோம். வந்தால் பார்க்கிறவர்கள் உன் முகத்தை விட்டுவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அது உன் நாள்.

புது வீட்டில் உன் கை பட்டதெல்லாம் துலங்கட்டும். அடுப்பு அணையாமல் இருக்கட்டும். உனக்கு வருகிறவன் உன்னைவிட ஒரு நாளாவது கூடுதலாக ஆயுசோடு இருக்கட்டும். நீ வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாளாயிற்று! அந்தச் சிரிப்பு சுவர் தாண்டிக் கேட்கட்டும்.

எல்லாம் அடங்கிய பிறகு, எப்போதாவது, அவசரமே இல்லை, அவரையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் வீட்டுக்கு வா. நான் என் கையால் சமைத்துப் போடுகிறேன். அவர் காரம் சாப்பிடுவாரா, குறைத்துப் போட வேண்டுமா என்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுது.

எங்கே இருந்தாலும் உன் நல்லதையே நினைக்கும்,
அத்தை